பின் இருக்கைக்காரனின் குரல்

“மேடம், நீங்க ஒரிஜினல் ராயபுரமா?”

ஃபோனில் பேசியவர் முதலில் கேட்டது இதுதான். ராயபுரம் இல்லை, எண்ணூர் பக்கம், முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள், இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன் என்றேன். “அப்படின்னா இன்னும் நல்லது” என்றார். இருபது வருடமாக டப்பிங் பேசுகிறேன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவதுதான் என் வழக்கம். ஊருக்காக ஒரு வேலை வந்தது அதுதான் முதல் தடவை.

நான் கதாநாயகிக்குப் பேசியவள் இல்லை. கல்யாண மண்டபத்தில் நிற்கும் கூட்டம், ஆஸ்பத்திரி நர்ஸ், பக்கத்து வீட்டு அம்மா, வேறு மொழியிலிருந்து வரும் தொடர்களில் மாமியார். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒருங்கிணைப்பாளர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “குரல் நல்லா இருக்கு. ஆனா வாயக் கழுவிட்டு வாம்மா” என்றார். கழுவினேன். வூடு வீடு ஆனது. கீது இருக்கு ஆனது. எங்கள் வீட்டில் யாருக்கும் ழ வராது; பயம் என்றால் வாழைப்பழம். ஸ்டுடியோவில் அது நடுக்கம். டிவியில் செய்தி வாசிப்பவர்களோடு கூடவே வாசித்து வாசித்து, ஒரு வருடத்தில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ் எனக்கு வந்துவிட்டது. முன்பு பஸ்ஸில், பிறகு மெட்ரோவில், ஏறும்போது அதைப் போட்டுக்கொள்வேன். இறங்கும்போது கழற்றிவிடுவேன். போகப்போக, கழற்ற மறந்துபோகிற நாட்கள் வந்தன. அப்போதெல்லாம் என் தம்பி, “இன்னாக்கா, நூஸ் வாசிக்கிறியா?” என்பான். அவன் காசிமேட்டிலிருந்து போகும் ஒரு விசைப்படகில் டிரைவர்.

வேலை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு. இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் நடந்த விமானச் சண்டைகள்; அதில் நம் ஆட்கள் ஓட்டிய விமானங்கள். இரண்டு பேர் உட்காரும் குண்டுவீச்சு விமானம். முன்னால் பைலட், பின்னால் துப்பாக்கிக்காரர். பின்னால் இருப்பவர் வந்த வழியைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். விளையாடுகிறவர்தான் பைலட். அவர் காதுக்குள் ஆட்டம் முழுக்கக் கூடவே வருவது அந்தத் துப்பாக்கிக்காரரின் குரல். எதிரி எந்தப் பக்கம் வருகிறான், எத்தனை விமானம், நம் இறக்கையில் அடிபட்டதா, எல்லாம் அவர்தான் சொல்லவேண்டும். கதைப்படி அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுப் படையில் சேர்ந்த ராயபுரத்துக்காரர். அவர் பேச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கூடவே, தரையில் ரேடார் அறையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நான் பேசவேண்டும்.

அந்த விளையாட்டின் இயக்குநருக்கு முப்பது வயதுகூட இருக்காது. புனேயில் வளர்ந்த தமிழர். மரியாதை தெரிந்தவர். முதல் நாள் விமானத்தின் உள்பக்கத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்.

“இதுல இருக்கற ஒவ்வொரு ஸ்விட்சும் நிஜம் மேடம். மியூசியத்துக்குப் போய் அளவெடுத்தோம். இன்ஜின் சத்தம்கூட அதே காலத்து இன்ஜின்லேருந்து எடுத்தது. குரல் மட்டும் பொய்யா இருந்துடக் கூடாது.”

அவர் அதைச் சொன்னதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. குரல் பொய்யாக இருந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்ட ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. பொய்யாக இருந்தால்தான் எனக்குச் சம்பளம்.

பிறகு வசனத்தைக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரு வரி, இரண்டு வரிக் கத்தல்கள். விளையாட்டு செய்கிறவர்களின் தொழிலில் அதற்கு ‘பார்க்’ என்று பெயராம். நாய் குரைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் அதே சொல்தான் என்று ஒலிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன்.

‘மாமு, பின்னால ரெண்டு பேமானி வரான், டபாய்ச்சிகினு போ!’

‘றெக்கை புட்டுகிச்சு மாமு, நாம அம்பேல்!’

‘செம பேஜாரு மாமு, வானமே கலீஜாயிடுச்சு!’

எங்கள் பக்கத்தில் மாமு என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. பேஜாரும் உண்டு, கலீஜும் உண்டு. ஆனால் வாக்கியத்துக்கு ஒரு மாமு போடுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. பைலட்டுக்கு எழுதியிருந்த வசனங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்குப் பயம் இருந்தது, ஊர் ஞாபகம் இருந்தது, அம்மாவுக்கு எழுதி முடிக்காத கடிதம்கூட இருந்தது. பின்னால் இருந்தவருக்கு மாமு மட்டும் இருந்தது.

துப்பாக்கிக்காரருக்குப் பேச வந்தவர் ஒரு மிமிக்ரி கலைஞர். நல்ல தொழில்காரர். கண்ணாடி அறைக்குள் போய், தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, முதல் டேக்கிலேயே ‘நாம அம்பேல்’ என்றார். வெளியே உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்துவிட்டு, உடனே என் பக்கம் திரும்பினார்.

“கரெக்டா மேடம்?”

“வார்த்தை எல்லாம் சரிதான் சார். ஆனா எரியற விமானத்துக்குள்ள உக்காந்துகிட்டு யாரும் இப்படிப் பேசமாட்டாங்க.”

“வேற எப்படிப் பேசுவாங்க?”

“இவ்ளோ பேசமாட்டாங்க.”

“நீங்க ஒரு தடவை பேசிக் காட்ட முடியுமா?”

கண்ணாடி அறைக்குள் போனேன். மைக் முன்னால் நின்றேன். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பேச்சு. நேற்றுக் காலையில்கூடத் தெருக் குழாயடியில் பேசிய பேச்சு. வாயைத் திறந்தேன். முதலில் செய்தி வாசிப்பவள் வந்தாள். இரண்டாம் தடவை முயன்றபோது வந்தது, சற்றுமுன் அந்த மிமிக்ரிக்காரர் பேசியது போலவே, மூக்கால் இழுத்து, கடைசி எழுத்தைத் தூக்கி அடித்து. என்னை நானே கிண்டல் செய்வதுபோல இருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு இயக்குநர், “பரவால்ல மேடம், வாங்க” என்றார். அந்தப் ‘பரவால்ல’ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஒருவரை இனிக் கூப்பிடவேண்டாம் என்று முடிவு செய்யும்போது ஸ்டுடியோக்களில் அதைத்தான் சொல்வார்கள்.

டீ இடைவேளையில் மிமிக்ரிக்காரர் என்னிடம் வந்தார். தப்பாக நினைத்துக்கொள்ளவேண்டாம் என்றார். அவருக்குத் தருமபுரி பக்கம் ஒரு கிராமம். மெட்ராஸ் பேச்சு முழுக்கப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்துக்கு அவர் வந்ததே இல்லை, ஒரே ஒரு தடவை ஒரு சாவுக்கு வந்ததைத் தவிர.

“உங்க ஊர்ப் பேச்சு வேணும்னு யாராவது கேட்டிருக்காங்களா?” என்றேன்.

யோசித்தார். “எங்க ஊர்ப் பேச்சுன்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாதுக்கா. வீட்ல அப்பாகிட்ட பேசறதோட சரி. அதுவும் இப்ப கொஞ்சம் மறந்துபோச்சு.”

இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைப் போட்டுவிட்டு உள்ளே போனோம்.

அன்று திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. சென்ட்ரலில் மாறி ஏறினபிறகு கண்ணை மூடிக்கொண்டேன். இயக்குநர் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. வேறு எப்படிப் பேசுவார்கள்? எனக்கு அது தெரியும். ஒரு தடவை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நான்கைந்து வருடம் இருக்கும். மீன் வாங்கக் காசிமேடு போயிருந்தேன். தம்பி போகும் படகின் முதலாளிக்கு அங்கே ஒரு ஷெட் உண்டு; அதில் ஒரு ஒயர்லெஸ் பெட்டி எப்போதும் கொரகொரவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தேன். பெட்டியிலிருந்து ஒரு குரல்.

“இன்ஜின் ரூம்ல தண்ணி ஏறிகினு கீது. ஏறிகினு கீது. ஆறு பேர் கீறோம். எண்ணூர் பவர் ஹவுஸ் சிம்னிக்கு நேர் கெழக்க. நேர் கெழக்க. வாங்க.”

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அதே வாக்கியம், அதே சுருதியில். கடைக்காரரிடம் இன்னொரு டீ சொல்வதுபோல. யாரோ, பாவம், என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது முறை கேட்டபோதுதான் அது என் தம்பி என்று தெரிந்தது. கூடப் பிறந்தவனின் குரலை நான் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அதில் அவன் இல்லை. வேகம் இல்லை, கேலி இல்லை, கோபம்கூட இல்லை. தண்ணீரும், ஆட்களின் எண்ணிக்கையும், திசையும் மட்டும் இருந்தன. பக்கத்தில் இருந்த இரண்டு படகுகள் போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்தன. கரைக்கு வந்தபிறகு அவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, உப்பு குறைவு என்று பெண்டாட்டியோடு பெரிய சண்டை போட்டான். எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் இயக்குநரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்க தம்பி வருவாரா மேடம்?”

தம்பியைச் சம்மதிக்கவைக்க ஒரு வாரம் ஆனது. “என்னியா? போய்க் கத்தணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில்தான் இருந்தது. பகல் முழுக்க வெயிலில் பெயின்ட் அடிக்கிற வேலை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை வந்தான். இரண்டு தடவை குளித்து, பவுடர் போட்டு, பெண் பார்க்கப் போன அன்று போட்ட சட்டையைப் போட்டிருந்தான். மெட்ரோவில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கினான்.

கண்ணாடி அறைக்குள் அவனை நிறுத்தி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, வசனத் தாளைக் கையில் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தான். கண்ணாடி வழியாக என்னைத் தேடினான்.

“இன்னாக்கா இது? சாவற நேரத்துல எவன் மாமுன்னு சொல்லிகினு இருப்பான்?”

மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. இயக்குநர் பொத்தானை அழுத்தி, “தாளை விட்டுடுங்க அண்ணா. நான் நிலைமையைச் சொல்றேன், நீங்களா பேசுங்க” என்றார். விமானம், பின் இருக்கை, துப்பாக்கி என்று விளக்கினார். தம்பி கேட்டான்.

“பின்னாடி பாத்துகினு போறவனா நானு?”

“ஆமா.”

“அப்ப எங்க போறோம்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாது. பைலட்டுக்குத்தான் தெரியும்.”

“பைலட்டு மூஞ்சி எனக்குத் தெரியுமா?”

“இல்லண்ணா. முதுகோட முதுகு.”

“நான் சொல்றது அவனுக்குக் கேக்குமா?”

“கேக்கும். கேட்டுத்தான் விமானத்தைத் திருப்புவார்.”

“கரை எந்தப் பக்கம்?”

இயக்குநருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஸ்விட்சுகளை எல்லாம் அளந்தவர் இதை யோசித்திருக்கவில்லை. வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மேற்கே என்று சொன்னார். தம்பி தலையாட்டினான். பேச ஆரம்பித்தான். வரவில்லை. இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினான். நான் பயந்துபோனேன், எனக்கு நடந்ததுதான் இவனுக்கும் நடக்கிறது என்று. அப்போது அவன் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் தொடையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஒயர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்தினால்தான் பேசமுடியும்; விட்டால்தான் கேட்கமுடியும். அவனுக்கு அழுத்த ஏதாவது வேண்டும். ஒலிப்பதிவாளரிடம் சொன்னேன். அவர் ஏசியின் ரிமோட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்.

தம்பி அதை வாயருகே தூக்கி, அழுத்தினான்.

“பின்னாடி ரெண்டு. பின்னாடி ரெண்டு. லெப்ட்ல வந்துகினு கீறான்.”

விட்டான். காத்திருந்தான். மறுபடி அழுத்தினான்.

“கிட்ட வந்துட்டான். திருப்பு. திருப்பு.”

இயக்குநர் சத்தமில்லாமல் நாற்காலியை மைக் பக்கம் இழுத்துக்கொண்டார். இறக்கையில் தீ என்றார்.

“றெக்கைல நெருப்பு கீது. சோத்தாங்கை பக்கம். பெருசா இல்ல. பெருசா இல்ல. நீ ஓட்டு.”

அந்த ‘நீ ஓட்டு’ வசனத்தில் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னால் இருப்பவன் பயந்துவிடக் கூடாது என்று தம்பிக்குத் தானாகத் தோன்றியது. எனக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, விளக்கு மங்கலாக இருந்தது.

ஒரு மணி நேரம் பேசினான். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னான். ஏன் என்று இயக்குநர் கேட்டதற்கு, “ஒரு வாட்டி சொன்னா காத்துல பூடும் சார். ரெண்டாவது வாட்டிதான் அவனுக்குச் சேரும்” என்றான். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அவனும் ஒரு கேள்வி கேட்டான்.

“அந்தக் காலத்துல ராயபுரத்துல இப்டித்தான் பேசினானுங்களா சார்?”

“தெரியாதுண்ணா” என்றார் இயக்குநர். “நானும் தேடிப் பாத்துட்டேன். அதிகாரிங்க பேசினது ரேடியோ பதிவுல கிடைக்குது. மூட்டை தூக்கினவங்க, மெக்கானிக், துப்பாக்கிக்காரங்க பேசினதை நான் தேடின இடத்துல யாரும் பதிவு பண்ணி வைக்கல.”

“அப்ப நாம இன்னா பேசினாலும் சரிதான்” என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி போனபிறகு அன்று நான் என் பங்கைப் பேசினேன். ரேடார் அறைப் பெண். எந்த ஊர் என்று கதையில் சொல்லவில்லை. அதனால் செய்தி வாசிக்கும் தமிழிலேயே பேசிவிட்டேன். ஒரே டேக்கில் ஓகே.

இரண்டு மாதம் கழித்து இயக்குநர் ஃபோன் செய்தார். நான் வடபழனியில் ஒரு ஸ்டுடியோ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து ஒரு தொடருக்காக மகனைப் பறிகொடுத்த தாயாக அழுதிருந்தேன். தொண்டையில் முள் நிற்பதுபோல வலி.

“மேடம், உங்க தம்பி குரலை எப்பக் கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது. முதல்ல அதைச் சொல்லிடறேன்.”

இப்படி ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

விளையாட்டை வெளியிடுவதற்கு முன் சிலரை விளையாடவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பாதிக்குத் தம்பியின் குரல், இன்னொரு பாதிக்கு மிமிக்ரிக்காரரின் குரல். தம்பியின் குரலைக் கேட்டவர்கள், பயமே இல்லாத மாதிரிப் பேசுகிறார் என்று சொன்னார்களாம். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி இருக்கிறது. சொன்னதையே சொல்கிறார். மெட்ராஸ் ஃபீல் இல்லை.

“யார் சார் சொன்னது? எந்த ஊர்க்காரங்க?”

“எல்லா ஊரும் மேடம். சென்னைக்காரங்களும் இருந்தாங்க.”

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கடலில் ஒரு தடவை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஸ்விட்சை அளந்தீர்களே என்று கேட்டிருக்கலாம். தொண்டை வலித்தது. மேலே ஸ்டுடியோவிலிருந்து யாரோ என்னை அடுத்த டேக்குக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சரி சார்” என்றேன்.

“ஆனா அவரை நாங்க விடல மேடம். ஒரு படகோட்டி கதாபாத்திரம் புதுசா சேத்திருக்கோம். எண்ணூர்லேருந்து பர்மாவுக்குப் பொழைக்கப் போனவர். விமானம் விழுந்தபிறகு ரெண்டு பேரையும் ஆத்துலேருந்து காப்பாத்தறார். உங்க தம்பிக்குப் பொருத்தமா இருக்கும்.”

பொருத்தம்தான். மீனவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் படகில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் அவர் நல்ல மனதோடுதான் அதைச் செய்தார், குரலில் தெரிந்தது. தம்பியிடம் சொன்னபோது அவன் ஒன்றும் வருத்தப்படவில்லை. “வுடுக்கா, படகாவது குடுத்தானே” என்றான். ஒரு நாள் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தான். ஏறு, குனிஞ்சுக்கோ, தண்ணி குடி, கரை வந்துடுச்சு. அவ்வளவுதான் வசனம்.

விளையாட்டு வெளிவந்தது. எங்கள் வீட்டில் அதை ஓட்டுகிற அளவுக்குக் கம்ப்யூட்டர் இல்லை. விளையாடுகிறவர்கள் போடும் வீடியோக்களை ஃபோனில் பார்த்தேன். ஆங்கிலத்தில் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். துப்பாக்கிக்காரரின் பேச்சைக் கொண்டாடியிருந்தார்கள். ஒரு போர் விளையாட்டில் முதல்முறையாக அசல் மெட்ராஸ் பேச்சு என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். தமிழில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: ‘கன்னர் வேற லெவல். ஆனா அந்தப் படகோட்டி எண்ணூர்னு சொல்றாங்க, சுத்தமா செட் ஆகல. யாரோ ஸ்டுடியோ ஆளை வெச்சு ஒப்பேத்திட்டாங்க. நான் திருவொற்றியூர், எனக்குத் தெரியும்.’

அதற்குக் கீழே பதில் எழுத உட்கார்ந்தேன். ‘அவர் என் தம்பி’ என்று தட்டினேன். பிறகு, அந்த மனிதரும் இங்கேதான் எங்கேயோ இரண்டு தெரு தள்ளி இருப்பார் என்று தோன்றியது. ஒருவேளை அவரும் வேலைக்குப் போகும்போது என்னைப் போல ஒரு பேச்சைப் போட்டுக்கொண்டு போகிறவராக இருக்கலாம். தட்டியதை அழித்துவிட்டேன். என் குரலைப் பற்றி யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை எழுதவில்லை.

தம்பிக்கு இதையெல்லாம் காட்டவேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கல்மண்டபத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேடு போனபோது, படகில் அவனோடு போகிறவர்கள் நான்கு பேர் ஐஸ் வண்டிக்குக் காத்துக்கொண்டு ஒரு ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்த விளையாட்டின் வீடியோதான். சத்தம் முழுசாக வைத்திருந்தார்கள்.

‘றெக்கை புட்டுகிச்சு மாமு, நாம அம்பேல்!’

நான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “இன்னாமா பேசறாம்பா!” என்றார் ஒருவர். “நம்ம ஆளுப்பா” என்றார் இன்னொருவர். தம்பியும் அவர்கள் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பொய்ச் சிரிப்பு இல்லை. அவன் பொய்யாகச் சிரித்தால் எனக்குத் தெரியும். அந்த மிமிக்ரிக்காரர் நிஜமாகவே நன்றாகப் பேசியிருந்தார். அது எங்களைப் போல இல்லையே தவிர, கேட்க நன்றாக இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தபிறகு அசதியாக இருந்தது.

வீடியோ ஓடியது. விமானம் ஆற்றில் விழுந்தது. படகு வந்தது.

“ஏறு. ஏறு. தலைய குனிஞ்சுக்கோ.”

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் ஒரே படகில், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். ஒருவர் விரலால் திரையைத் தள்ளி, சண்டை வரும் இடத்துக்கு ஓட்டினார். படகோட்டி பாதி வாக்கியத்தில் போய்விட்டார்.

தம்பியைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்து கேட்டேன்.

“நீதான்னு அவங்களுக்குச் சொல்லலையா?”

“எதுக்கு?”

“எதுக்கா? உன் குரல்டா.”

“எனக்கே அது நான்னு தெர்லக்கா” என்றான். “மொதல்ல யாரோன்னு நெனச்சேன். அப்பறம்தான், அட, நாமன்னு தெரிஞ்சுது.” கொஞ்சம் யோசித்தான். “நான் அப்டியா பேசறேன்?”

“பயந்தா அப்படித்தான் பேசற.”

“அன்னிக்கு நான் எங்க பயந்தேன்? ஏசி போட்டு குந்த வெச்சாங்க.”

ஐஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் ஐஸ் பாரைத் தோளில் தூக்கும்போது, “நாம அம்பேல் மாமு!” என்று அந்த மிமிக்ரிக்காரரைப் போலவே மூக்கால் இழுத்துச் சொன்னார். மற்றவர்கள் அதே மாதிரி பதில் சொன்னார்கள். அதற்குமுன் அவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இனி கொஞ்ச நாள் துறைமுகம் முழுக்க அப்படித்தான் பேசுவார்கள்.

தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, “துன்னியாக்கா?” என்று கேட்டான். தின்றேன் என்றேன். தின்றிருக்கவில்லை. பையில் கொஞ்சம் சங்கரா மீனைப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அதைக் கழுவி, மஞ்சள் தடவி வைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மணி நான்கு. ஃபோனில் ஒரு செய்தி வந்திருந்தது. நாளைக்கு ஒன்பது மணிக்கு டப்பிங், கூட்டத்தில் பேச ஆள் வேண்டும். வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.